நுரையீரல் வைத்திருக்கும் வருடக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

காற்று மாசு என்றதும் புகைமூட்டம் சூழ்ந்த ஒரு நாள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எதிரே வரும் வண்டி தெரியாது, கண் எரியும், தொண்டை கரகரக்கும். ஆஸ்துமாவும் இதயநோயும் உள்ளவர்களுக்கு அப்படிப்பட்ட நாள் உண்மையிலேயே ஆபத்தானது. புற்றுநோய் விஷயத்தில் கணக்கு வேறு. வானம் தெளிவாக இருந்த மற்ற முந்நூறு நாட்களிலும் எதைச் சுவாசித்தோம் என்பதே அங்கே முக்கியம். அதனால் இன்றைய பேச்சு அந்த வருடச் சராசரியைப் பற்றியது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை 2012-லும் வெளிப்புறக் காற்று மாசை 2013-லும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் அதே பிரிவு. இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் தெருவில் நடப்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட 15 முதல் 30 மடங்கு அதிகம். காற்று மாசு தனி ஒருவருக்குக் கூட்டும் ஆபத்து அதைவிட மிகச் சிறியது. ஆனால் சிகரெட்டை விடலாம், மூச்சை விட முடியாது. எல்லோரும் சுவாசிப்பதால், சிறிய ஆபத்தும் பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளை உண்டாக்குகிறது.

பி.எம். 2.5 என்று செய்திகளில் சொல்கிறார்களே, அது 2.5 மைக்ரான் விட்டமோ அதற்கும் குறைவோ உள்ள நுண்துகள். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கின் முடியும் சளியும் பிடித்துவிடும். மூச்சுக்குழாய் வரை போனதை அங்குள்ள நுண்மயிர்கள் மேலே தள்ளிவிடும். அதற்கும் கீழே, ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் காற்று நுண்ணறைகளில் அந்த நுண்மயிர்கள் கிடையாது. அங்கே போய் உட்கார்ந்த துகளை விழுங்கி அகற்றும் வேலை பெருவிழுங்கிகள் என்ற காவல் செல்களுடையது. துகளும் வெறுங்கையோடு வருவதில்லை. அரைகுறையாக எரிந்த எரிபொருளிலிருந்து பிறக்கும் பென்சோபைரீன் போன்ற பொருட்கள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

2023-ல் லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்லஸ் ஸ்வான்டன் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு, இந்தக் கதையின் முக்கியமான ஒரு முடிச்சை அவிழ்த்தது. ஆரோக்கியமான நுரையீரல் திசு மாதிரிகளைப் பரிசோதித்தபோது, அவற்றில் 18 சதவீதத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் புற்றுநோயோடு தொடர்புடைய பிறழ்வு, அதாவது மாற்றம், இருந்தது. வயது ஏறும்போது இப்படிப்பட்ட பிறழ்வுகள் தானாகவே சேர்கின்றன. பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருந்துவிடும். நுண்துகள் வந்து விழும்போது காவல் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. தூங்கிய செல்லை எழுப்பிப் பெருகவைப்பது அந்த அழற்சிதான். எலிகளில் அந்தப் பொருளைத் தடுத்தபோது கட்டி உருவாவது குறைந்தது. புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது ஏன் என்ற பழைய கேள்விக்கு இது ஒரு நல்ல பதில். என் பார்வையில் இதில் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. பிறழ்வு நம் கையில் இல்லை. அதை உசுப்பிவிடும் துகளின் அளவைக் குறைப்பது ஓரளவுக்கு நம் கையில் இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் திருத்திய வழிகாட்டுதலின்படி, பி.எம். 2.5-ன் வருடச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உங்களைச் சுற்றி 40 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்குச் சுவாசிப்பது சுமார் 11 கனமீட்டர். அதாவது ஒரு நாளைக்கு 440 மைக்ரோகிராம், வருடத்துக்கு ஏறக்குறைய 160 மில்லிகிராம். இப்போது படுக்கையறையில் தூங்கும் 8 மணி நேரத்துக்கு மட்டும் 40-ஐ 10-ஆக இறக்கினால், நாள் சராசரி 30 ஆகிவிடுகிறது. 100 இருக்கும் சாலையில் ஒரு மணி நேரம் நல்ல முகக்கவசம் அணிந்து மூக்கில் நுழைவதை 10-ஆகக் குறைத்தாலும், சராசரியில் இறங்குவது நாலுக்கும் குறைவுதான். தூக்கத்தில் மூச்சு மெதுவாக ஓடுவதால் உள்ளே போகும் அளவில் வித்தியாசம் சற்றுக் குறையும். இருந்தாலும் முதலில் கவனிக்க வேண்டிய இடம் படுக்கையறைதான்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். அடுத்து சி.ஏ.டி.ஆர்., அதாவது மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்ற எண். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, ஐந்தால் பெருக்குங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் 36 கனமீட்டர், தேவை 180. பெட்டியில் அச்சிட்டிருப்பது முழு வேகத்துக்கான எண். இரவில் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைத்துவிடுவோம், காற்றும் குறைந்துவிடும். ஆகவே நடுத்தர வேகத்திலேயே 180 தரக்கூடிய கருவியாக எடுங்கள். ஓசோன் வெளியிடும் கருவி எதுவும் வேண்டாம். ஓசோனே நுரையீரலுக்குக் கேடு. இன்னொன்று, சிறிய விஷயம்: புது வடிகட்டி பல கருவிகளில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே வருகிறது. அதைக் கழற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சமையலறை. எண்ணெய் காய்ந்து புகையும்போது நுண்துகள் அளவு சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். நிலக்கரியை வீட்டுக்குள் எரிக்கும் புகை, முன்பு சொன்ன புற்றுநோய் முகமையின் முதல் பிரிவிலும், விறகுப் புகையும் மிகு சூட்டில் பொரிக்கும் புகையும் அதற்கு அடுத்த பிரிவிலும் இருக்கின்றன. புகைபோக்கி விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, இல்லை வலையில் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். திருப்பி விடுவது எண்ணெய்ப் பிசுக்கைத்தான் பிடிக்கும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே விசிறியைப் போட்டு, அணைத்த பிறகும் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் சிறிது திறப்பு இருக்கட்டும். உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லாவிட்டால் விசிறி சுற்றும், புகை நகராது. விறகுதான் எரிபொருள் என்றால் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும், ஈர விறகு புகைந்து தள்ளும்.

வெளியில் போகும்போது என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், பென்சீன் போன்ற வாயுவைத் தடுக்காது. இரண்டு பட்டைகளையும் போட வேண்டும்; மேல்பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப்பட்டை பிடரியில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, வேகமாக மூச்சை வெளிவிட்டுப் பாருங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும்.

கைபேசியில் தெரியும் காற்றுத் தரக் குறியீட்டு எண் மைக்ரோகிராம் அல்ல, நாட்டுக்கு நாடு சூத்திரம் மாறுவது. அதற்குக் கீழே இருக்கும் பி.எம். 2.5 எண்ணின் சராசரியை மாதம்தோறும் குறித்துவைத்தால் உங்கள் வருடச் சராசரி ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

கடைசியாக, புகைபிடிக்காத நேயர்களுக்கு. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். 'சிகரெட்டே தொட்டதில்லை, எனக்கு எப்படி வரும்' என்று தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோய் உறுதியானால், திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். அந்தப் பிறழ்வு இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன.

வணக்கம்.