கொழுந்து லாரி ஏறும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு வட்டாரம் ஏன் செழிக்கிறது, பக்கத்து வட்டாரம் ஏன் தேங்குகிறது என்று கேட்டால் மண், மழை, படிப்பு, முதலீடு என்று பல காரணம் சொல்லலாம். நீலகிரிக்கு நான் முதலில் கேட்பது ஒன்றுதான். காலையில் பறித்த தேயிலைக் கொழுந்து எத்தனை மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைகிறது?

நெல்லை அறுத்து, விலை வரும்வரை வைத்திருக்கலாம். தேயிலைக்கு அந்த வசதி கிடையாது. கிள்ளிய பிறகும் கொழுந்து மூச்சு விடுகிறது, சூடாகிறது. சாக்கில் மிதித்துத் திணித்தால் சூடு வெளியே போக வழியில்லை. மாலையில் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், தெரியும். கசங்கிய இலை அங்கேயே சிவக்கத் தொடங்கிவிடும். சிவந்த இலையை எந்த இயந்திரத்தில் போட்டாலும் தூளில் நிறமும் திடமும் வராது.

அதனால்தான் வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள், நிழலில் வையுங்கள், மூட்டைமேல் மூட்டை அடுக்காதீர்கள் என்று சொல்கிறோம். நல்ல பருவத்தில் ஒரு செடிக்கு 7 முதல் 10 நாளுக்குள் திரும்ப வரவேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று மூன்று வாரம் விட்டுக் கத்திரி போட்டால், முற்றின இலையும் தண்டும் சேர்ந்து வந்து தூளில் நாராக நிற்கும்.

கணக்கு ஒன்று, மனதிலேயே போட்டுப் பாருங்கள். 100 கிலோ பச்சை இலைக்கு 22 கிலோ தூள் என்று வைத்துக்கொள்வோம். தேயிலை வாரியத்தின் பங்கீட்டு முறையில் விற்ற பணத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு. தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால் இலைக்கு 14 ரூபாய் 30 காசு. தரம் கூடி அதே தூள் 120-க்குப் போனால் 17 ரூபாய் 16 காசு. மாதம் ஆயிரம் கிலோ இலை கொடுக்கும் குடும்பத்துக்கு 2,860 ரூபாய் கூடுதல். இதற்குப் புது நிலம் வேண்டாம், புது உரம் வேண்டாம். பறித்த விதமும் போய்ச் சேர்ந்த நேரமும் போதும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் செய்வதில்லை? நல்ல இலைக்கும் மோசமான இலைக்கும் ஒரே விலை போட்டால் யார் மெனக்கெடுவார்கள்? இலையை வாங்கிப் போகும் ஏஜெண்ட் பத்துத் தோட்டத்து இலையை ஒரே வண்டியில் கலந்துவிட்டால், அக்கறையாகப் பறித்தவர் உழைப்பும் அதில் கரைந்துபோகிறது. என் கருத்து இதுதான்: எடை போடும் இடத்திலேயே ஒரு கைப்பிடி இலை எடுத்து, இளங்கொழுந்தைத் தனியே பிரித்து நிறுத்து, அந்த விகிதத்துக்கு விலை கொடுக்க வேண்டும்.

1960-களில் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் வந்ததும், 1965-ல் அவற்றுக்கான கூட்டமைப்பாக இண்ட்கோசர்வ் அமைந்ததும் சிறு விவசாயிக்கு இவ்வளவு பெரிய விஷயமானது இதனால்தான். எஸ்டேட் தொழிற்சாலை சொல்லும் விலையை மட்டுமே நம்பாமல், தங்கள் ஊர்ப் பக்கமே இலை கொடுக்க முடிந்தது. தூரம் குறைந்தால் நேரம் குறைகிறது. மறுபடியும் நேரம்தான், பாருங்கள்! ஆனால் தொழிற்சாலை அருகில் இருந்தால் மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும். 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அந்தச் சந்தையை அதிகம் நம்பியிருந்த நம் மலை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலைச் சரிவில் மாட்டிக்கொண்டது.

 நேரம் நெருங்கிவிட்டது. உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு மட்டும் ஒன்று. 1961-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட, கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். தாக்கிய நிலத்தில் சில போகம் கோஸ், கேரட், பூண்டு என்று மாற்றிப் போடுங்கள். திரும்பக் கிழங்கு வைக்கும்போது குஃப்ரி ஸ்வர்ணா போல எதிர்ப்புள்ள ரகம் எடுங்கள். மண் ஒட்டிய பழைய சாக்கையும் கழுவாத மண்வெட்டியையும் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வணக்கம்.