நீதிதேவதையின் கண்ணைக் கட்டியது யார்? பார்வையற்ற நீதிபதிகளின் கதை

வணக்கம். திரையில் ஒரு பழைய படம் வைத்திருக்கிறேன். இந்த வீடியோவைக் காதால் மட்டும் கேட்கிறவர்களும் இருப்பீர்கள், அதனால் படத்தை வாயாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் வாள், மறு கையில் தராசு. பின்னால் ஒருவன் நின்று அவள் கண்ணைத் துணியால் கட்டுகிறான். அவன் தலையில் கோமாளித் தொப்பி.

1494ஆம் ஆண்டு, இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில் அச்சான ஒரு நையாண்டி நூலில் வந்த மரச்செதுக்குப் படம் இது. நீதிதேவதையின் கண்கட்டுக்குத் தெரிந்த மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு வழக்கு நடத்துகிறார்கள் என்று கேலி செய்யத்தான் கட்டினார்கள்! அடுத்த சில பத்தாண்டுகளில் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. ஆள் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவள் என்று அதே கட்டைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றத்தில் வைத்த புதிய சிலைக்குக் கண்கட்டு கிடையாது. வாளுக்குப் பதில் கையில் அரசியல் சாசனம்.

சரி, சிலை இருக்கட்டும். கண் கட்டிய பெண்ணை நீதியின் அடையாளமாக வைத்துக்கொண்ட இதே அமைப்பு, உண்மையிலேயே பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் நீதிபதி நாற்காலியைக் கேட்டு வந்தபோது என்ன சொன்னது தெரியுமா? உன்னால் முடியாது என்று சொன்னது. அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்கில்.

2014இல் தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி பதவிகளுக்கு அறிவிப்பு வந்தது. பகுதி பார்வையிழப்பு உள்ளவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு. விண்ணப்பித்த ஒருவருக்கு 70 சதவீதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஜனவரியில் வரம்பு சரிதான் என்று தீர்ப்பானது. வழக்கைக் கேட்கவும் தீர்ப்பை எழுதவும் ஒரு நீதிபதிக்குப் பார்வையும் செவியும் பேச்சும் ஓரளவாவது இருக்க வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

சட்டப் பின்னணியை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1995இல் ஒரு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதில் 7 வகைக் குறைபாடுகள். 2016இல் புதுச் சட்டம், 21 வகைகள், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. தமிழ்நாட்டு வழக்கு பழைய சட்டத்தின் கீழ் முடிந்தது. 2021இல் தேர்வு எழுத உதவியாளர் கேட்ட இன்னொரு வழக்கில், அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வருகிறது. மத்தியப் பிரதேச நீதித்துறைப் பணி விதிகளில் 6ஏ என்று ஒரு விதி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களை அடியோடு ஒதுக்கியிருந்தது. நீதிபதியாக ஆசைப்பட்ட, கண் தெரியாத ஒருவரின் தாய் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. 2025 மார்ச் 3ஆம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். மகாதேவன் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போனவர். குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி நீதித்துறைப் பணியில் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றார்கள். 6ஏ ரத்தானது. ஒரு தாயின் கடிதம்!

இந்த இடத்தில் உங்களில் பலருக்கு ஒரு கேள்வி எழும். எனக்கும் முதலில் எழுந்தது. சாட்சி கூண்டில் நின்று தடுமாறுவதை, வியர்ப்பதை, கண்ணைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்க்காமல் ஒருவர் எப்படித் தீர்ப்புச் சொல்வார்?

லண்டனுக்குப் போவோம். 18ஆம் நூற்றாண்டு. பௌ தெருவில் ஜான் ஃபீல்டிங் என்று ஒரு மாஜிஸ்திரேட். 19 வயதில் ஒரு விபத்தில் பார்வை போனது. 1754 முதல், 1780இல் சாகும் வரை அந்த நாற்காலியில் இருந்தவர். அவருடைய ஓவியம் ஒன்று இருக்கிறது, நெற்றியில் கறுப்புப் பட்டை கட்டியிருப்பார். கோமாளி கேலிக்காகக் கட்டிய அந்தக் கட்டு, உயிரோடு ஒரு நீதிபதியின் முகத்துக்கு வந்துவிட்டது மாதிரி இருக்கும். குரலை வைத்தே 3,000 குற்றவாளிகளை அடையாளம் கண்டுபிடிப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கை கொஞ்சம் ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம். ஆனால் லண்டன் திருடர்கள் அவரிடம் வாயைத் திறக்கவே யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வியர்வையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை கோர்ட் படி ஏறும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கும் வியர்க்கும். பத்து வழக்கு பார்த்த பொய் சாட்சிக்கு வியர்க்காது. பொய் மாட்டுவது பெரும்பாலும் குறுக்கு விசாரணையில்தான். நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் முட்டிக்கொள்ளும்போது. அதைப் பிடிக்கக் காதும் ஞாபகமும் போதும்.

நம் காலத்து உதாரணம் வேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் ஜாக் யாகூப். 1948இல் டர்பனில் ஓர் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 16 மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சலில் பார்வை போனது. 1998 முதல் 2013 வரை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதி. குடியிருந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டு, விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் தாளின் கீழ் கிடந்த சுமார் 900 பேரின் வழக்கில், 2000ஆம் ஆண்டு தீர்ப்பை எழுதியவர் அவர்தான். அதில் 510 பேர் குழந்தைகள். வீட்டுரிமை பற்றிப் பேசும்போது இன்றைக்கும் உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. அந்தக் குடிசைகளை அவர் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்த எத்தனை அதிகாரிகளுக்கு அது உறைத்தது?

சரி, கேஸ் கட்டை எப்படிப் படிப்பார்கள்? இதை நேரடியாகவே காட்டுகிறேன். என்விடிஏ என்று ஒரு திரைவாசிப்பான் மென்பொருள், திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பார்வையற்ற நண்பர்கள் உருவாக்கியது, முற்றிலும் இலவசம். முதல் ஃபைல், கணினியில் டைப் செய்த மனு. கேளுங்கள். (ஒலி: வேகமாக மனு வாசிக்கும் குரல்.) வேகம் அதிகமாக இருக்கிறதா? பழகியவர்கள் இதைவிட வேகமாகக் கேட்பார்கள். ஒரு சொல்லைத் தேடி 200 பக்கத்தில் நேராக அந்த இடத்துக்குப் போவார்கள். இப்போது இரண்டாவது ஃபைல். அதே மனுதான். பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, ஸ்கேன் செய்த பிடிஎஃப். (ஒலி: ஒன்றுமில்லை.)

கேட்டீர்களா? மௌனம். ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். எழுத்துணரி மென்பொருள் கொண்டு மீட்கலாம்தான். ஆனால் தமிழ், நடுவில் ஆங்கிலம், மேலே சாய்ந்து விழுந்த ரப்பர் ஸ்டாம்ப் என்றால் வருவது பாதி குப்பை. ஆக, இங்கே குறை ஸ்கேனரில் ஆரம்பித்தது. படிக்கிறவர் கண்ணில் இல்லை.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. அந்தக் கதையை எல்லோரும் தேர்க்காலுக்காகவே சொல்வோம். எனக்குப் பிடித்தது அந்த மணி. பேச வராத ஒரு பசுவுக்கும் எட்டுகிற உயரத்தில் தொங்கிய மணி அது. மனு எழுதிக் கொண்டு வா என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. ராஜாவுக்கு முறையீடு போய்ச் சேர்ந்ததும் காது வழியாகத்தான்.

இந்த வீடியோவை எத்தனையோ வக்கீல்களும் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்ட்களும் பார்ப்பீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மனுவை வேர்டில் இருந்து நேராக பிடிஎஃப் ஆக்குங்கள். யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்யுங்கள், பழைய எழுத்துருவில் செய்தால் திரைவாசிப்பான் உளறும். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து கடைசியில் சேர்க்க உங்கள் கோர்ட் அனுமதிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அனுமதிக்கவில்லை என்றால் எந்த கோர்ட், என்ன காரணம் சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.

பார்வை மாற்றுத்திறனாளி சட்ட மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், எந்த ஃபைல், எந்த இணையதளம் உங்களை மடக்குகிறது என்று சொல்லுங்கள். டைப் செய்ய வேண்டாம், குரல் பதிவாக அனுப்பினாலே போதும். அடுத்த வீடியோவை அந்தப் பதிவுகளை வைத்துத்தான் செய்யப்போகிறேன்.