பணிவா, துணிவா? துணிவே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் சாந்தமே உருவாக உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, சபையார் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

"வேதாகமம் காட்டும் கீழ்ப்படிதலில் விஞ்சி நிற்பது பணிவா, துணிவா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார், ஒன்று சாமுவேல் 15-ஐத் திறந்தார், "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்று தீர்க்கதரிசி சாமுவேல் சவுல் ராஜாவிடம் சொன்னதை வாசித்தார், பணியாதவன் ராஜ்யத்தை இழந்தான் பார்த்தீர்களா என்று கேட்டுக் கைத்தட்டலையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணே, 22, 23 வசனங்களோடு ஏன் நிறுத்தினீர்கள்? அடுத்த வசனத்தையும் வாசித்திருக்கலாமே! 24-ல் சவுலே வாய் திறந்து சொல்கிறான்: "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்." பணிவு இல்லாமலா அவன் கெட்டான்? பணியக் கூடாத இடத்தில் பணிந்து கெட்டான். துணிவு இல்லாததால்தான் அவனால் தேவனுக்குக் கீழ்ப்படிய முடியவில்லை. (சவுல் முழுதாய்ச் செய்யாமல் விட்டது, அமலேக்கியரை அடியோடு அழி என்ற கட்டளையை; அந்தக் கட்டளையே மனசுக்குப் பாரமான இடம்தான். அதை இன்றைக்கு எடுத்தால் ஐயா மணியை அடித்துவிடுவார், விடுங்கள்.)

சவுலை எடுத்துக் கொடுத்ததற்கு அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே சவுலிடம் எங்களுக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. 22-ஆம் அதிகாரம். சவுலிடமிருந்து தப்பி ஓடுகிற தாவீதுக்கு நோபு ஊர் ஆசாரியன் அகிமெலேக்கு அப்பத்தையும் கோலியாத்தின் பட்டயத்தையும் கொடுத்தது தெரியவந்ததும், சவுல் அந்த ஆசாரியர்களை எல்லாம் வரவழைத்து, பக்கத்தில் நிற்கிற தன் சேவகர்களிடம் இவர்களைக் கொன்றுபோடுங்கள் என்கிறான். ராஜா சொல்லிவிட்டார். ஆனால் ஒருத்தன் கை நீட்டவில்லை. அந்தச் சேவகர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது, அவர்கள் வசனமும் பேசவில்லை, சும்மா நின்றார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் ராஜாவுக்குப் பணிந்தவன் ஒரே ஒருத்தன், ஏதோமியனாகிய தோவேக்கு. அவன் கொன்றது 85 ஆசாரியர்களை. எதிரணியினரே, அந்த வரிசையில் தேவனுக்குக் கீழ்ப்படிந்தவர்கள் யார், பணிந்த தோவேக்கா, அசையாமல் நின்ற சேவகர்களா?

இதே கேள்விதான் எகிப்திலும். எபிரெயப் பெண்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடு என்று பார்வோன் சொல்கிறான், சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதற்கு யாத்திராகமம் சொல்கிற காரணம், அவர்கள் தேவனுக்குப் பயந்தார்களாம். தேவபயம் வந்ததும் ராஜபயம் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது ஒன்று இராஜாக்கள் 21-க்கு, நாபோத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன் ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யெஸ்ரயேலில் ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம். ராஜாவுக்கு அது எதற்கு வேண்டும் தெரியுமா? கீரைக்கொல்லை போட! அடாவடியாகக்கூடக் கேட்கவில்லை; இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லை பணமாக வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்கிறான். நம்மில் பலர் அன்றைக்கே பத்திரம் எழுதிக் கொடுத்திருப்போம். நாபோத் மாட்டேன் என்றான், என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடாதபடி கர்த்தர் என்னைக் காப்பாராக என்றான். இது வீம்பு இல்லை. நிலம் என்னுடையது, அதை நிரந்தரமாக விற்காதே என்று லேவியராகமம் 25-ல் கர்த்தர் சொன்னதற்கு ஒரு சாதாரணக் குடியானவன் கீழ்ப்படிகிறான், அதுவும் ராஜாவின் முகத்துக்கு நேரே. இதில் பணிவு எங்கே, துணிவு எங்கே என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்!

ஆகாப் போய்ச் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். அவன் மனைவி யேசபேல் அவன் பெயரால் நிருபங்கள் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, நாபோத்தின் ஊர் மூப்பருக்கும் பெரியோருக்கும் அனுப்புகிறாள். உபவாசம் கூறுங்கள், நாபோத்தை ஜனத்தின் முன்னே உட்கார வையுங்கள், அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்ல இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள். கவனியுங்கள், இரண்டு பேர்! மரண தண்டனைக்கு இரண்டு சாட்சியாவது வேண்டும் என்பது மோசேயின் சட்டம். சட்டப்படி உபவாசம், சட்டப்படி சாட்சி, சட்டப்படி கல்லெறி, அதுவும் ஊருக்கு வெளியே கொண்டுபோய். எனக்கு இந்தக் கதையில் யேசபேலைவிட அந்த மூப்பர்கள் மேல்தான் கோபம். நாபோத்தைத் தெரிந்தவர்கள், ஒரே ஊர்க்காரர்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகு ஒருவராவது "இது என்னங்க அநியாயம்" என்று கேட்டதாக வேதத்தில் இல்லை. அவள் எழுதி அனுப்பினபடியே செய்தார்கள், நாபோத் செத்தான் என்று பதிலும் அனுப்பினார்கள். இதைவிடப் பணிவான ஆட்களை எங்கே தேடுவது? நாபோத்தின் பிள்ளைகளின் இரத்தமும் சிந்தப்பட்டது என்று இரண்டு இராஜாக்கள் 9 சொல்கிறது.

அப்புறம் தீர்க்கதரிசி எலியா வருகிறார். இரண்டு அதிகாரத்துக்கு முன்னால் இதே யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று அழுத அதே எலியாதான். பயமே தெரியாதவர் என்று நாங்கள் சொல்லவே இல்லை. கர்த்தர் போ என்றதும், பறித்த தோட்டத்தை அனுபவிக்க வந்த ராஜாவின் முன்னால், அந்தத் தோட்டத்திலேயே போய் நின்றார். ஆகாப் கேட்கிறான்: "என் பகைஞனே, என்னைக் கண்டுபிடித்தாயா?" கர்த்தருடைய நீதி நாபோத்தின் ஊரில் அத்தனை பேர் இருந்தும் ஒருவர் வாயிலும் வரவில்லை, ஓடிப்போனவன் வாயில் வந்தது.

அடுத்து, இயேசு பிடிபடுவதற்குமுன் ஜெபித்த கெத்செமனேயை எதிரணி அக்கா சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. "என் சித்தத்தின்படியல்ல" என்று ஆண்டவர் பிதாவிடம் பணிந்ததை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அக்கா, அதே ராத்திரி யோவான் 18-க்கு வாருங்கள். பிரதான ஆசாரியனுக்கு இப்படியா பதில் சொல்வது என்று ஒரு சேவகன் அவரை அறைகிறான். அவனும் பணிவைத்தான் கேட்கிறான்! ஆண்டவர் தலையைக் குனியவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் தவறை ஒப்புவி, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கட்டப்பட்ட கையோடு நியாயம் கேட்டார்.

கடைசியாக, ரோமர் 13. மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அப்போஸ்தலன் பவுலே எழுதிவிட்டார், பிறகென்ன பேச்சு என்றார் எதிரணித் தம்பி. சரி தம்பி, எழுதியவர் பிலிப்பி பட்டணத்தில் என்ன செய்தார்? அவரையும் கூட இருந்த சீலாவையும் விசாரணையே இல்லாமல் வெளியரங்கமாக அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவர்களை விட்டுவிடு என்றார்கள். சிறைச்சாலைக்காரனும் நீங்கள் சமாதானத்தோடே போங்கள் என்றான். பவுல் கிளம்பவில்லை! ரோமர்களாகிய எங்களை ஊர் பார்க்க அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புகிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது குற்றம், அதனால் ரோமர் என்று கேட்டதும் அதிகாரிகள் பயந்து, வந்து, தயவாகப் பேசி, வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். தம்பிக்குப் பிறகு பேச வருகிறவர் ரோமர் 13-ஐ மறுபடி எடுப்பதாக இருந்தால், இந்த அப்போஸ்தலர் 16-க்கும் பதில் சொல்லிவிட்டு எடுக்கட்டும். நன்றி, வணக்கம்.