கடலோர ஊர்களின் விநோத விடுதிகள்: முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

[காட்சி: பாறைத் தீவு ஒன்றில் விளக்குக் கோபுரத்துடன் கூடிய மரவீடு]

கடலோர ஊர்களில் பயணிகளைக் கவரும் விநோதமான விடுதிகள் பலவும் தொடக்கத்தில் விருந்தினருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கப்பல்களுக்கு வழிகாட்டவும், சரக்கு இறக்கவும், கடலை ஆராயவும் எழுப்பப்பட்டவை, அந்தத் தேவை தீர்ந்தபின் படுக்கையறைகளாக மாறின. எனவே அறையின் படங்களைப் பார்ப்பதற்கு முன், அந்த இடம் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று கேட்டறிய வேண்டும்.

கலங்கரை விளக்கங்கள் தானியங்கி முறைக்கு மாறியபோது காவலர் குடியிருப்புகள் காலியாயின. பிரிட்டனில் காவலர் இருந்த கடைசிக் கலங்கரை விளக்கமான நார்த் ஃபோர்லேண்ட் 1998இல் மாறியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஈஸ்ட் பிரதர் தீவில் 1874 முதல் ஒளிரும் கலங்கரை விளக்கம் 1969இல் தானியங்கியானது; சீரழியத் தொடங்கிய அதன் வீட்டைத் தன்னார்வலர்கள் மீட்டு விடுதியாக்கினார்கள். அங்கே செல்பவர்கள், ஆடும் படகிலிருந்து செங்குத்தான ஏணியைப் பற்றி மேலேற வேண்டும். மழைநீரைத் தொட்டியில் சேமித்தே தீவு வாழ்ந்து வந்ததால், ஓரிரவு மட்டும் தங்குவோர் குளிக்க முடியாது என்பது அவ்விடுதியின் நெடுநாள் விதி. கடல் நடுவே நன்னீர் எவ்வளவு அரியது என்பதை உணர்த்தும் இந்த விதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பனிமூட்டக் காலத்தில் கப்பல்களுக்கான எச்சரிக்கை ஊதல் இரவிலும் ஒலிக்கும் என்பதால், விருந்தினருக்குக் காதடைப்பான் தருகிறார்கள்.

[காட்சி: துறைமுகப் பாரந்தூக்கி மெதுவாகச் சுழல்கிறது]

நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகத்தில் பழைய பாரந்தூக்கியே இருவர் தங்கும் அறையாகியிருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து விருந்தினரே அதைச் சுழற்றலாம்.

[காட்சி: நீருக்கடியில் வட்டச் சன்னல், வெளியே மீன்கள்]

ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் 1986இல் திறக்கப்பட்ட ஜூல்ஸ் கடலடி விடுதி, முன்பு கடல் ஆய்வுக்கூடமாக இருந்தது. முக்குளித்துத்தான் உள்ளே நுழைய முடியும். அறையின் காற்றழுத்தம் வெளிநீரின் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுவதால், தளத்திலுள்ள திறப்பு மூடப்படாமலேயே நீர் உள்ளே ஏறாது. அதே அழுத்தத்தில் இரவைக் கழிப்பவரின் உடலில் நைட்ரஜன் கூடுதலாகக் கரைந்திருக்கும். அது வெளியேறும் முன் விமானத்தில் பறந்தால் குமிழிகளாகி ஆபத்து விளைவிக்கும் என்பதால், அடுத்த 24 மணி நேரம் பறக்கக் கூடாது. திரும்பும் பயணச்சீட்டை இதைக் கணக்கிட்டே வாங்க வேண்டும்.

முதியவர்களும் குழந்தைகளும் உடன் வருவதானால் ஏணி, படிக்கட்டு பற்றி விடுதியாரிடம் நேரடியாகவே விசாரியுங்கள். படகில் மட்டுமே சென்றடையக்கூடிய இடமெனில், கடல் கொந்தளித்துப் படகு புறப்படாத நாளில் கட்டணம் திருப்பித் தரப்படுமா என்பதையும் பணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.