பேக்மேனின் மனைவி எங்கே போனாள்?

நேயர்களுக்கு வணக்கம்.

2022-ல் ஒரு பழைய வீடியோ கேமை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பேக்லேண்ட் என்று பெயர். முதலில் வெளிவந்தது 1984-ல். மஞ்சள் உருண்டையாக வாயைத் திறந்து மூடிக்கொண்டு புள்ளிகளை விழுங்குமே, அந்த பேக்மேன்தான் இதிலும் நாயகன். மனைவி, கைக்குழந்தை என்று குடும்பஸ்தனாக வருவான். மறுபதிப்பை ஓட்டிப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். பேக்மேன் அதே பேக்மேன், பாதை அதே பாதை, மனைவி மட்டும் வேறு ஆள்! மிஸ் பேக்மேன் நின்ற இடத்தில் பேக்-மாம் என்று ஒரு புதுப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள்.

ஏன் இப்படி? பேக்மேனைப் படைத்த நாம்கோ நிறுவனத்துக்கு அவன் மனைவியை முழுமையாகத் தன்னுடையவள் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தச் சிக்கலைப் பற்றித்தான்.

1980-ல் ஜப்பானில் பிறந்த பேக்மேனை அமெரிக்காவில் தயாரித்து விற்க மிட்வே என்ற நிறுவனம் உரிமம் வாங்கியிருந்தது. அதே காலத்தில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற பெயரில் சில கல்லூரி இளைஞர்கள் ஒரு தொழில் செய்துவந்தார்கள். ஓடி ஓடிச் சலித்துப்போன கேம் இயந்திரத்துக்குள் பொருத்த ஒரு சின்னச் சாதனம். பொருத்தினால் பழைய ஆட்டம் புது ஆட்டமாகிவிடும். அடாரி என்ற கேம் நிறுவனத்தின் ‘மிசைல் கமாண்ட்’ ஆட்டத்துக்கு அப்படி ஒன்றைச் செய்தார்கள், அடாரி வழக்குப் போட்டது, கடைசியில் சமாதானமானார்கள். அப்புறம் பேக்மேனுக்குச் செய்து வைத்திருந்ததை மிட்வேயிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். மிட்வே வாங்கிக்கொண்டது. 1982-ல் அது மிஸ் பேக்மேனாக வெளியே வந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றது. ஆக, மகன் ஜப்பானில், மருமகள் அமெரிக்காவில். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு ராயல்டி போய்க்கொண்டிருந்தது. 2019-ல் அந்த ராயல்டி உரிமையை அட்கேம்ஸ் என்ற மூன்றாவது நிறுவனம் விலைக்கு வாங்க, நாம்கோ தரப்பு நீதிமன்றம் போக, அடுத்த ஆண்டு அதுவும் சமரசத்தில் முடிந்தது. அதற்கு அடுத்து நடந்ததுதான் இந்த மனைவி மாற்றம்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய ஆர்கேட் கேம்களில் பலவற்றுக்கு இப்படி ஒரு பங்காளிச் சண்டை உண்டு.

ஆர்கேட் இயந்திரத்தை நேரில் பார்த்திராத இளைய நேயர்களுக்காக ஒரு வார்த்தை. ஆள் உயர மரப்பெட்டி, உள்ளே ஒரு டிவித் திரை, பிடித்து ஆட்ட ஒரு குச்சி, இரண்டு மூன்று பொத்தான்கள், காசு போட ஒரு துவாரம். திறந்து பார்த்தால் ஒரு சர்க்யூட் போர்டு. அதில் ரோம் சிப்புகளில் ஆட்டத்தின் நிரல் முழுவதும் பதிந்திருக்கும். இப்படிப் பல பெட்டிகளை வைத்துக் கூடம் நடத்துகிறவர் பெட்டியை மொத்த விலைக்கு வாங்கிவிடுவார். அதற்குப் பிறகு விழுகிற காசு அவருக்கும் இடம் கொடுத்தவருக்கும்.

அந்த ரோம் சிப்பை நகலெடுப்பது சுலபமாக இருந்தது. திருட்டு போர்டுகள் மளமளவென்று வந்தன. வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு ஒரு சாமர்த்தியமான வாதம் வைத்தது: ஒவ்வொருவர் ஆடும்போதும் திரையில் வேறு வேறு காட்சி வருகிறது, நிலையாக இல்லாத ஒன்றுக்கு ஏது பதிப்புரிமை? ‘ஸ்க்ராம்பிள்’ என்ற கேம் தொடர்பான வழக்கில் 1982-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. யார் ஆடினாலும் அதே ராக்கெட், அதே மலை, அதே வெடிச்சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது, பாதுகாப்புக்கு அது போதும் என்றது. சட்டத்தின் கண்ணில் வீடியோ கேம் ஒரு படைப்பு என்று நிலைபெற உதவிய தீர்ப்புகளில் இது ஒன்று.

என்னை அதைவிட அதிகமாக யோசிக்க வைத்தது ‘டபுள் டிராகன்’ வழக்கு. அமெரிக்காவில் ரெட் பாரன் என்ற ஆர்கேட் நிறுவனம், ஜப்பானில் விற்கப்பட்ட அசல் போர்டுகளைப் பழைய சரக்காக வாங்கி வந்து தன் கூடத்தில் ஓட்டியது. போலி கிடையாது, காசு கொடுத்து வாங்கிய சரக்கு. இருந்தும் உரிமையாளரான டைட்டோ வழக்குப் போட்டது, 1989-ல் மேல்முறையீட்டில் வென்றது. போர்டு உன்னுடையது, சரி. ஆனால் பொது இடத்தில் காசு வாங்கிக்கொண்டு அதை ஓட்டிக் காட்டுவது தனி உரிமை, அதை யார் உனக்கு விற்றார்கள் என்றது நீதிமன்றம். ஆர்கேட் நடத்தியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம், முறைப்படி தயாரான போர்டைப் பொது இடத்தில் ஓட்டலாம் என்று ஒரு விதிவிலக்கு கொண்டுவந்தது. அதற்கும் காலவரம்பு வைத்தார்கள். 1995 அக்டோபர் 1-ல் அது காலாவதியானது. பிறகு யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு ஆர்கேட் தொழிலில் தெம்பு மிச்சமில்லை என்பது என் ஊகம்.

ஏனென்றால் தொழில் அதற்குள் தேய ஆரம்பித்திருந்தது. 80-களின் தொடக்கத்தில் உச்சிக்குப் போய் ஒருமுறை விழுந்தது. 1991-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வந்து தூக்கி நிறுத்தியது. எதிரே நிற்பவரோடு நேருக்கு நேர் மோத வீட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டியிருந்தது. வீட்டுக் கருவிகளின் திறன் ஆர்கேட் போர்டை எட்டிப் பிடித்த பிறகு அந்தக் காரணமும் பலமிழந்தது. காசு போட்டு மூன்று நிமிடம் ஆடுவானேன்?

ஜப்பானில் கூடங்கள் இன்னும் பல காலம் தாக்குப்பிடித்தன. அங்கே கழுத்தை நெரித்தது வேறு ஒன்று. ஓர் ஆட்டத்துக்கு 100 யென் நாணயம் ஒன்று, அதுதான் பல காலமாக வழக்கம். 1989-ல் 3 சதவீத நுகர்வு வரி வந்தது. 1997-ல் 5, 2014-ல் 8, 2019-ல் 10. மற்ற கடைக்காரர்கள் வரியை விலையில் ஏற்றிவிடலாம். துவாரத்தில் விழுகிற நாணயத்தை 110 யென் ஆக்குவது எப்படி? ஒவ்வொரு உயர்வும் நடத்துகிறவர் கையைக் கடித்தது. மறு ஆண்டே கொரோனா. சேகா போன்ற பெரிய பெயரே 2020-ல் தன் ஆர்கேட் தொழிலின் பெரும்பங்கை விற்றுவிட்டு, 2022-ல் முழுவதுமாக விலகியது. கட்டடங்களின் நெற்றியிலிருந்து சேகா பெயர்ப்பலகையையும் இறக்கினார்கள்.

கூடம் மூடினால் பெட்டிகள் என்ன ஆகும்? சில காயலான் கடைக்கு, சில சேகரிப்பாளர் வீட்டுக்கு. போர்டுகளும் சாகாவரம் பெற்றவை இல்லை. கேப்காம் நிறுவனம் 1993-லிருந்து பயன்படுத்திய ஒரு வகைப் போர்டில், நகலெடுப்பைத் தடுக்க, நிரலைத் திறக்கும் சங்கேதச் சாவியை ஒரு சின்ன பேட்டரியின் தயவில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு செத்துவிடும். தற்கொலை பேட்டரி என்றே அதற்குப் பெயர். திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, காசு கொடுத்து வாங்கியவரின் பொருளையே கொன்றது.

அந்தப் பூட்டை உடைத்து ஆட்டங்களைக் காப்பாற்றியவர்கள் ஆர்வலர்கள். இத்தாலியரான நிகோலா சல்மோரியா 1997-ல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர், பழைய போர்டு செய்யும் வேலையை நம் கணினியில் செய்து காட்டும். அந்த மென்பொருளால் தொல்லை இல்லை. அதில் ஓட்ட வேண்டிய ரோம் கோப்பு, அதாவது ரோம் சிப்பிலிருந்து நகலெடுத்த நிரல்தான் அடுத்தவர் சொத்து. இணையத்தில் அள்ள அள்ளக் கிடைக்கிறது, சட்டப்படி பெரும்பாலானவற்றைத் தொடக்கூடாது. சரி, நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கலாம் என்று கிளம்பினால் யாரிடம் கேட்பது?

அடாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் அந்த நிறுவனத்தை இரண்டாகப் பிரித்து, வீட்டுக் கணினிப் பிரிவை விற்றார்கள். ஆர்கேட் பிரிவு தனியாக நின்றது. அதனால் 1979-ல் வந்த ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ இன்று அடாரி என்ற பெயரை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. 1985-ல் வந்த ‘காண்ட்லெட்’ பல கை மாறி, மிட்வே 2009-ல் திவாலானதும் வார்னர் வசம் போய்ச் சேர்ந்தது. பெட்டியில் என்னவோ இரண்டுக்கும் அதே அடாரி முத்திரைதான்.

‘டாங்கி காங்’ கதை இன்னும் சுவாரசியம். 1981-ல் நிண்டெண்டோவுக்காக நிரல் எழுதிக் கொடுத்தது இகேகாமி என்ற வெளி நிறுவனம். அந்த நிரல் யாருக்குச் சொந்தம் என்று 1983-ல் வழக்கு, 1990-ல் சமரசம். ஆர்கேடில் ஓடிய அந்த அசல் வடிவம் வீட்டுக் கருவிக்குத் தனியாக விற்பனைக்கு வந்தது 2018-ல். இந்தத் தகராறுதான் தாமதத்துக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இரவல் பாத்திரங்களை வைத்து எடுத்த கேம்கள் பாடு இதைவிட மோசம். கொனாமியின் ‘சிம்ப்சன்ஸ்’ 1991-ல் கூடங்களைக் கலக்கிய ஆட்டம். 2012-ல் முறைப்படி உரிமம் பெற்று இணையக் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். கொனாமி சம்மதித்தால் மட்டும் போதாதே, கார்ட்டூனின் சொந்தக்காரரும் தலையாட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும்.

இந்தக் காட்டுக்குள் புகுந்து பொறுமையாகப் பத்திரம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் ஹாம்ஸ்டர் நிறுவனம் 2014-லிருந்து பழைய ஆர்கேட் கேம்களை ஒவ்வொன்றாக உரிமம் வாங்கி வெளியிடுகிறது. தொழிலை விட்டுவிட்ட சின்ன நிறுவனங்களின் உரிமைகளை மொத்தமாகவே வாங்கியும் இருக்கிறார்கள். முதலில் சொன்ன பேக்லேண்ட் மறுபதிப்பும் அவர்கள் கைங்கரியம்தான். பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு சின்ன நிறுவனம் செய்கிறது என்பதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

பெரியவர்கள் சறுக்கியதற்கும் உதாரணம் இருக்கிறது. 2019-ல் கேப்காம் தன் பழைய கேம்களை ஒரு வீட்டுக் கருவியில் வைத்து விற்க அறிவித்தது. உள்ளே ஓடியது ஆர்வலர்கள் எழுதிய எஃப்.பி. ஆல்ஃபா எமுலேட்டர். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் உரிமத்திலேயே எழுதியிருந்தது. குழுவில் ஒருவர் அனுமதி கொடுத்துவிட்டார், தங்களைக் கேட்கவே இல்லை என்று மற்றவர்கள் கொதித்துப் பிரிந்து போனார்கள். ரோம் கோப்புக்கு உரிமம் கேட்கிற உலகம் எமுலேட்டருக்குக் கேட்க மறந்துவிட்டது.

காத்திருந்தால் தானாகப் பொதுச்சொத்து ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். நிறுவனப் படைப்புக்கு ஜப்பானில் 70 ஆண்டு, அமெரிக்காவில் 95 ஆண்டு. 1980-ல் வந்த பேக்மேன் ஜப்பானில் 2050 முடிவு வரை, அமெரிக்காவில் 2075 முடிவு வரை பூட்டில் இருப்பான்.

அதற்கு முன்பே விடுதலையான கேம்களும் உண்டு. ‘ராபி ரோட்டோ’ 1981-ல் வந்து, கூடங்களில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் போன ஆட்டம். பிற்பாடு அதன் உரிமை அதை எழுதிய ஜேமி ஃபென்டன் கைக்கே வந்தது. லாப நோக்கமில்லாமல் யார் வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மேம் குழுவின் தளத்திலேயே அந்த ரோம் கோப்பு கிடைக்கிறது. எக்ஸிடி நிறுவனத்தின் சில பழைய கேம்களும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன.

வணக்கம்.