சைகை காட்டினால் பேச்சு வராமல் போய்விடுமா?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். மூன்று நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் அக்கா மகளுக்கு நாலு வயது, பிறவியிலேயே காது கேட்காது. கையைக் காட்டித்தான் அவளிடம் பேசுகிறோம். அப்படிப் பழக்கினால் பேச்சே வராது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் முறைப்படி சொல்லித்தரட்டும் என்று இருந்துவிடலாமா?"

நிறுத்தாதீர்கள் அம்மா. சைகை பேச்சைத் தடுக்காது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தனக்குக் காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகள் கையாலும் பேசுகிறார்கள், வாயாலும் பேசுகிறார்கள். காது மெஷினா, அறுவை செய்து காதுக்குள் பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளாண்டா என்பதை மருத்துவரிடம் உடனே கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அதற்காக இன்றைக்கு அவளோடு பேசுவதை ஏன் நிறுத்த வேண்டும்?

சரி, அந்த டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்கு நிகரகுவாதான் ஞாபகம் வந்தது. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், முன்பு ஒரு பேச்சில் தொட்டுவிட்டுப் போனேன்.

மத்திய அமெரிக்காவில் சின்ன நாடு, தலைநகரம் மனாகுவா. 1977இல் அங்கே ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கினார்கள், காது கேளாத பிள்ளைகள் ஐம்பது பேர் அளவில் சேர்ந்தார்கள். 1979இல் புரட்சி, 1980இல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்பள்ளி, 1983 வாக்கில் இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல். அதுவரை அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தன்னைப் போல இன்னொருவரைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வீடு வேறு சாடை, அவ்வளவுதான்.

டீச்சர்கள் சொல்லித்தந்தது ஸ்பானிஷ். உதட்டைப் பார், புரிந்துகொள், திருப்பிச் சொல். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. ஆனால் பள்ளி பஸ்ஸிலும் மைதானத்திலும் தங்களுக்குள் கையை ஆட்டி ஆட்டி ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள்! டீச்சர்களுக்கே அது புரியவில்லை. 1986இல் கல்வி அமைச்சகம் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னது.

இப்போது என் கையைப் பாருங்கள். ஒரு கார்ட்டூனில் பூனை ஒன்று பந்தை விழுங்கிவிட்டுச் சரிவான தெருவில் உருண்டு இறங்குகிறது. நாம் எப்படிக் காட்டுவோம்? விரலைச் சுற்றிக்கொண்டே கையைக் கீழே இறக்குவோம், ஒரே அசைவு. அந்தப் பள்ளியில் முதலில் படித்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டினார்கள். பின்னால் வந்த சிறுவர்கள் அதை இரண்டாக உடைத்தார்கள்: இதோ, 'உருள்', அப்புறம், 'இறங்கு'. இரண்டு தனிச் சொற்கள். சாடையாக இருந்தது, சொல்லும் வாக்கியமுமாக மாறுகிறது. ஆன் செங்காஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2004இல் இதை வெளியிட்டார்கள். யாரும் சொல்லித்தராமல், சின்னப் பிள்ளைகள் செய்த வேலை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

விழுப்புரம் ஸ்டேஷனில் ஒருமுறை பார்த்தேன். எதிரெதிர் பிளாட்பாரத்தில் இரண்டு இளைஞர்கள், நடுவில் நாலு தண்டவாளம், ஒலிபெருக்கி வேறு அலறுகிறது. அவர்கள் பாட்டுக்குக் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து மறைத்தது. கடைசிப் பெட்டி போகிற வரை ஒருவன் கையைப் பாதி தூக்கினபடியே நின்றான், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

அதனால் சகோதரி, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அவளுக்குப் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான். வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், நல்லது. அவளைப் போலப் பத்துப் பிள்ளைகள் வேண்டும், அதுவும் இந்த வயதிலேயே. ஊரில் அரசு செவித்திறன் குறையுடையோர் பள்ளி சின்னதாக இருந்தாலும் போய்ப் பாருங்கள், வகுப்பை விட இடைவேளை நேரத்தைப் பாருங்கள். எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். இந்திய சைகை மொழிக்கு 10,000 சொற்கள் கொண்ட அகராதி வீடியோவாகவே இருக்கிறது, அக்காவும் மாமாவும் தினம் ஐந்து சொல் பழகட்டும்.

அப்புறம், அவளாகவே ஏதாவது சைகை உண்டாக்கி வைத்திருப்பாள், சாப்பாட்டுக்கோ, பாட்டிக்கோ. அது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதுங்கள்.