ஒரே கப்பல், இரண்டு நீதிமன்றங்கள், நாற்பது மடங்கு வித்தியாசம்: உலக விவகாரங்களைப் பல்கலைக்கழகத்தில் எதற்காகப் படிக்க வேண்டும்?

வணக்கம் நேயர்களே. எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பலின் விபத்துக்காக அதன் உரிமையாளர் செலுத்த வேண்டிய பொறுப்புத் தொகை 1 கோடியே 90 இலட்சம் பவுணைத் தாண்டாது என்று 2023இல் இலண்டன் நீதிமன்றம் ஒன்று வரையறுத்தது. அதே கப்பலின் அதே விபத்துக்காக 100 கோடி அமெரிக்க டொலரை ஆரம்ப இழப்பீடாகச் செலுத்துமாறு, 2025 ஜூலையில், கொழும்பு, புதுக்கடையில் உள்ள இலங்கையின் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு தொகைகளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது மடங்கு வித்தியாசம் உண்டு. இரண்டில் எது நியாயம் என்று உடனே தீர்ப்பு வழங்கத் துடிப்பவர்கள் தயவுசெய்து சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். இன்றைய காணொளியே அந்தத் துடிப்பை அடக்குவது பற்றியதுதான்.

[திரையில்: தீப்பற்றி எரியும் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல்]

உலக விவகாரங்களைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகக் கற்பதன் வரலாற்றை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன்: முதலாம் உலகப் போர் ஓய்ந்த கையோடு, 1919இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் சர்வதேச அரசியலுக்கென முதலாவது பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. பரீட்சைக்கு இது போதும்.

நம்மில் பலர் இந்தப் படிப்பைப் பொது அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம். ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் யார், எந்த நாட்டின் நாணயம் எது என்று மனனம் செய்வது போட்டிப் பரீட்சைக்கு உதவலாம். கலியாண வீட்டுப் பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே உக்ரேன் போரை முடித்துவைக்கும் பெரியப்பாமாருக்கும் அது உதவும். ஆனால் பல்கலைக்கழகத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு. ஒரு நிகழ்வு ஏன் அவ்வாறு நடந்தது, அதை யார் தடுத்திருக்கலாம், தடுக்கும் கடமை எந்தச் சட்டத்தின்படி யாருக்கு இருந்தது, இழப்பை யார் சுமந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே அங்கே வேலை. எக்ஸ்பிரஸ் பேர்ள் அதற்கு மிகவும் பொருத்தமான பாடம் என்பது என் கருத்து.

2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அந்தக் கப்பல் தீப்பற்றியது. அது சீனாவில் கட்டப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தது. சிங்கப்பூர்க் கொடியின் கீழ் ஓடியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. ஒரு கொள்கலனில் இருந்த நைத்திரிக் அமிலம் இங்கு வருவதற்கு முன்பே கசியத் தொடங்கியிருந்தது. அதை இறக்கிவிட அனுமதிக்குமாறு கட்டாரின் ஹமாத் துறைமுகத்திடமும் குஜராத்தின் ஹசிரா துறைமுகத்திடமும் கேட்கப்பட்டபோது இரண்டிடமும் அனுமதி கிடைக்கவில்லை. இங்கேயே முதலாவது விரிவுரை தொடங்குகிறது. ஆபத்திலுள்ள கப்பலுக்கு அடைக்கலம் கொடுப்பது பற்றி 2003இல் சர்வதேச கடல்சார் அமைப்பு வழிகாட்டல்களை வெளியிட்டது. ஆனால் அவை வழிகாட்டல்களே தவிர, ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல. தன் துறைமுகத்தைப் பாதுகாக்க ஒவ்வொரு நாடும் எடுத்த முடிவு தனித்தனியே பார்த்தால் விளங்கிக்கொள்ளக் கூடியதாகவே இருக்கிறது, மொத்தத்தில் ஆபத்து மட்டும் அடுத்த நாட்டை நோக்கிப் பயணித்துக்கொண்டே இருந்தது. காலநிலை மாற்றம், அகதிகள், தடுப்பூசிப் பங்கீடு என்று எந்த உலகப் பிரச்சினையை எடுத்தாலும் இதே முடிச்சைக் காணலாம்.

இனி எனக்கு மிகவும் வியப்பூட்டிய விடயத்துக்கு வருகிறேன். அந்தக் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பிளாஸ்டிக் பொருட்களுக்கு மூலப்பொருளாகப் பயன்படும், பருப்பு அளவிலான மணிகள் அவை. அமிலம், ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேச விதிக்கோவையில் இடம்பெற்ற பொருள். பிளாஸ்டிக் மணிகளோ அதில் இடம்பெறவில்லை. அதாவது, நீர்கொழும்புக் கரையை வெள்ளையாக மூடி, மீன்பிடித் தடைக்குக் காரணமாகி, இத்தனை ஆண்டுகள் கழிந்தும் மணலைக் கிளறினால் அகப்படும் அந்தப் பொருள், ஏற்றப்பட்ட நாளில் சாதாரணச் சரக்காகவே கருதப்பட்டது. உலகில் இதுவரை பதிவான மிகப்பெரிய பிளாஸ்டிக் மணிச் சிதறல் இதுதான். அதன் பின்னரும், 2024இல் சர்வதேச கடல்சார் அமைப்பு வெளியிட்டவை விரும்பினால் பின்பற்றக் கூடிய பரிந்துரைகளே. பட்டியலில் எது இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அந்த மேசையில் பிளாஸ்டிக் உற்பத்தி செய்யும் நாடுகளுக்கும் கப்பலை இயக்கும் நாடுகளுக்கும் எவ்வளவு குரல் இருக்கிறது, கரையோரத்து நாடுகளுக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், ஒரு பருவம் முழுவதும் அதற்கே போய்விடும். போகட்டும், நல்ல காரியம்தான்.

[திரையில்: இரண்டு தொகைகள் அருகருகே]

சரி, நாற்பது மடங்கு எங்கிருந்து வந்தது? கப்பல் உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன்படி உச்சவரம்பு, விபத்தால் விளைந்த சேதத்தைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. கப்பலின் தொன் அளவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. எரிந்தது எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். இலண்டன் தொகை அவ்வழியில் வந்தது. கொழும்பிலோ இது அடிப்படை உரிமை வழக்காக விசாரிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு அங்கே முன்னின்றது. எனவே இரண்டு நீதிமன்றங்களும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைச் சொல்லவில்லை. அவற்றின் முன் இருந்த கேள்விகளே வேறு. இலங்கை நீதிமன்றத்தின் உத்தரவை வெளிநாட்டு நிறுவனத்திடம் எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் அடுத்த சிக்கல். அங்கே சட்டம் முடிந்து இராஜதந்திரம் தொடங்குகிறது.

இதே கண்ணோடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அறிவித்ததையும் பார்க்கலாம். தேநீர்க் கடையில் முழுப் பழியும் சீனாவுக்குப் போகும். கடன் அட்டவணையைத் திறந்தாலோ, சர்வதேசச் சந்தையில் விற்கப்பட்ட பிணைமுறிகளின், அதாவது அரசு கடன் பெற விற்கும் பத்திரங்களின், பங்கு எந்தத் தனியொரு நாட்டின் பங்கையும் விடப் பெரிதாக இருக்கும்.

கொழும்பில் இதைப் படிக்க விரும்புவோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் துறை இருக்கிறது. பௌத்தாலோக மாவத்தையில், 1976இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு நடந்த அதே மண்டப வளாகத்தில், 1974 முதல் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையம் இயங்கிவருகிறது. இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை: கடற்சட்டம் பற்றிய மூன்றாவது ஐ.நா. மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷெர்லி அமரசிங்க. கடல் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சுவார்த்தையை நடத்திய நாட்டின் மாணவர்கள் கடற்சட்டத்தை வெளிநாட்டு விடயமாகக் கருதுவது எனக்குச் சற்று வருத்தமளிக்கிறது.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் கற்று வரும் மாணவர்களுக்கு வாசிப்பின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பது முதலில் மலைப்பைத் தரும். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நீர்கொழும்பில் கடற்றொழில் செய்யும் குடும்பங்கள் பல தமிழும் சிங்களமும் பேசுபவை. தடைக்காலத்தில் அடகு வைத்த நகை, மீட்க முடியாத வள்ளம், கணக்கில் வராத நட்டஈடு ஆகியவற்றை அவர்களிடமிருந்து நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்யக்கூடிய மாணவருக்கு, ஜெனீவாவில் அமர்ந்து எழுதும் ஆய்வாளருக்கு எளிதில் கிடைக்காத சான்று கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுபவர்கள் உக்ரேனுக்குப் போவதற்கு முன் நீர்கொழும்புக்குப் பேருந்து ஏறுங்கள்.

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நேயர்கள் இருந்தால், அரசறிவியலோடு பொருளியலையும் புவியியலையும் சேர்த்து எடுங்கள் என்பேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு கீழே எழுதுங்கள், கட்டாயம் வாசிப்பேன். வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் புரட்டுங்கள்.